மணி உருளுது, மனசு எங்கே?

ஆகஸ்ட் கடைசி வாரத்துல நாகூர் பக்கம் வந்தவங்க பாத்திருப்பீங்க. காரைக்காலில் இருந்து வரும் சாலையில் காவி உடுத்தி, வெறுங்காலோடு கூட்டங்கூட்டமா வேளாங்கண்ணிக்கு நடப்பாங்க. 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் திருவிழா. எங்க கடைமடையில் அது சம்பாவுக்கு நேரடி விதைப்பு நடக்கிற நேரம். நடக்கிறவங்க கையில செபமாலை இருக்கும். ஒருத்தர் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மத்தவங்க மறுபாதியைச் சொல்லுவாங்க.

மாலை நாகூருக்குப் புதுசில்லை. தர்கா வாசல் கடைகளில் 33 மணி, 99 மணி தஸ்பீஹ் தொங்கும். சிவன் கோயில் பெரியவர் கழுத்தில் 108 உருத்திராட்சம். செபமாலையில் 53 சின்ன மணி, 6 பெரிய மணி. எல்லா மாலைக்கும் தொல்லை ஒண்ணுதான். விரல் மணியில் இருக்கும், மனசு வட்டிக்கடையில் நிக்கும்.

செல்போன் வந்துதான் மனசு சிதறிப்போச்சுன்னு நகரத்து நண்பர்கள் சொல்றீங்க. செபமாலை வளர்ந்த கதையைப் பாத்தா, இது ரொம்பப் பழைய தொல்லைன்னு தெரியும்.

நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் பவுல்னு ஒரு துறவி இருந்தார். தினம் 300 செபம் சொல்வார். மடியில் 300 கூழாங்கல் வச்சுக்கிட்டு, ஒரு செபத்துக்கு ஒரு கல்லா வெளியே போடுவார். யாரோ 700 சொல்றாங்கன்னு கேள்விப்பட்டதும் அவருக்கு மனசு ஒடிஞ்சு போச்சு. மக்காரியுங்கிற மூத்த துறவிகிட்ட போய்ப் புலம்பினார். ‘நான் நூறுதான் சொல்றேன், அதுக்காக என் மனசாட்சி உறுத்தலையே’ங்கிற மாதிரி அவர் பதில் சொன்னதாகப் பல்லாதியுஸ் எழுதி வச்சிருக்கார். எண்ணிக்கையா, கவனமாங்கிற வழக்கு அப்பவே தொடங்கிடுச்சு.

பிறகு ஐரோப்பிய மடங்களில் 150 சங்கீதங்களை லத்தீனில் படிக்கத் தெரியாத எளிய சகோதரர்கள், அதுக்குப் பதிலா 150 தடவை பரலோக மந்திரம் சொன்னாங்க. அதே கணக்கில் மங்கள வார்த்தை செபமும் வந்தது. ஒரே செபத்தை 150 தடவை சொன்னா மனசு அலையாம இருக்குமா? 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஜெர்மனியின் டிரியர் நகர மடத்தில் இருந்த பிரஷ்யாவின் தோமினிக் ஒரு வழி செஞ்சார். இயேசுவின் வாழ்க்கையை 50 சின்ன வாக்கியங்களாக்கி, ஒவ்வொரு மங்கள வார்த்தையோடும் ஒண்ணைச் சேர்த்தார். வாய் பழைய வார்த்தையைச் சொல்லும், மனசுக்கு மட்டும் மணிக்கு மணி ஒரு புதுக் காட்சி. அது பின்னாளில் பத்து மணிக்கு ஒரு காட்சின்னு சுருங்கி, 15 தேவ ரகசியங்கள் ஆச்சு. 1569இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் அந்த முறைக்கு ஒப்புதல் கொடுத்தார். 2002இல் இரண்டாம் ஜான் பால் ஒளியின் தேவ ரகசியங்கள் ஐந்தைச் சேர்க்க, இப்போ 20.

ரோமில் இது முடிவாகும் முன்னாடியே அந்தச் செபம் தமிழுக்கு வந்துடுச்சு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி மனப்பாடம் பண்ணி, தெருவில் மணியடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1545இல் எங்க நாகப்பட்டினத்திலும் தங்கியிருக்கார். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபப் புத்தகத்தில், ரோமன் எழுத்தில், மங்கள வார்த்தையும் இருக்கு.

ஆக, மணி விரலுக்கு, வார்த்தை வாய்க்கு, காட்சி மனசுக்கு, மறுபாதியைச் சொல்லும் கூட்டம் காதுக்கு. ஓடுற மனசைப் பிடிச்சு வைக்க ஆயிரம் வருஷமா ஒவ்வொண்ணா நட்ட முளைக்குச்சிகள் இவை. நடவு வயலில் ஒருத்தி பாட்டெடுக்க மத்தவங்க வாங்கிப் பாடும்போது கை சலிக்காம நடுமே, கிட்டத்தட்ட அதுமாதிரி.

அப்படியும் ஓடும். குழந்தை தெரசா 1897இல் 24 வயசில் இறந்த புனிதை. செபமாலை சொல்றது தனக்குத் தவக்கருவி அணிவதைவிடக் கஷ்டம், எவ்வளவு முயன்றும் மனசு நிக்கலைன்னு அவரே எழுதியிருக்கார்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. வேளாங்கண்ணிக்குப் போயிருந்த மகனைக் கடல் கொண்டுபோன அம்மா ஒருத்தர் எங்க பக்கத்து ஊர்ல இருக்காங்க. ரொம்ப நாள் கழிச்சுச் சொன்னாங்க: “செபம் எல்லாம் மறந்துபோச்சு தம்பி. எந்த ரகசியம், எத்தனாவது மணி, ஒண்ணும் தெரியலை. மணியை மட்டும் உருட்டிக்கிட்டே கிடந்தேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் வார்த்தை வந்துச்சு.”

அவங்க மனசு அந்த ஒரு மாசமும் மணியில் நிக்கலை. அது செபம் இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

வாய்க்கால்ல வர்ற தண்ணி எலி வளையில இறங்கிடும். நாங்க தண்ணியைத் திட்டுறதில்லை. மண்ணை வெட்டி அடைச்சு, திரும்ப வயலுக்கு விடுவோம். ஒரு ராத்திரியில பத்துத் தடவைகூட. நீர் பாய்ச்சுறதுன்னா எங்களுக்கு அதுதான் வேலை.