தரைச்சுழற்சி

சொந்த உபயோகத்துக்கான சிறு விமானங்களில், விசேஷமாக வாற்சக்கரம் கொண்டவற்றில், சக்கரங்கள் தரையைத் தொட்ட பின்னர் விமானி திசையைக் காக்கத் தவறுவதனால், விமானம் திடீரெனப் பக்கவாட்டில் சுழன்று ஓடுபாதையை விட்டு விலகும் விபத்து தரைச்சுழற்சி எனப்படும்.

இதன் மூலகாரணம் விமானத்தின் அமைப்பிலேயே உள்ளது. பைப்பர் கப் போன்ற வாற்சக்கர விமானங்களில் பிரதான சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், மூக்கு சற்றே ஒரு பக்கம் திரும்பியதும், பின்னுள்ள பாரம் பழைய நேர்திசையிலேயே செல்ல முற்பட்டு, அத்திருப்பத்தைத் தணிப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடுகிறது. குறுக்குக் காற்று வாலைத் தள்ளி மூக்கைத் தன் பக்கம் திருப்புவதும், வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலிமை குன்றுவதும் ஒன்றுசேர்வதால், இறங்கியாயிற்று என்று விமானியின் கவனம் தளரும் அந்தச் சில விநாடிகளே மிகவும் அபாயகரமானவை. உயிர்ச்சேதம் அரிதெனினும், சுழற்சியின் வெளிப்புறத்துச் சக்கரத் தண்டு முறிவதும் இறக்கை நுனி தரையில் மோதுவதும் நேர்வதுண்டு.

1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 போன்ற மூக்குச்சக்கர விமானங்களில் ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னே அமைவதால், அவை தாமாகவே நேர்ப்படும் சுபாவம் உடையவை. ஆயினும் அதிக வேகத்தில் மூக்குச்சக்கரம் முதலில் தரையைத் தொடுமாயின் அவையும் திசை தடுமாறும்.

அமெரிக்க விதிப்படி, 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே வாற்சக்கர விமானத்தைப் பொறுப்பேற்று ஓட்டியிராதவர், குறுக்குக் காற்றில் இறங்குவதையும், இறங்காமல் மீண்டும் மேலெழுவதையும் பயின்று, ஆசிரியரின் கையொப்பம் பெற்ற பின்னரே அதைத் தனிப் பொறுப்பில் செலுத்தலாம். கால்களின் இடைவிடாத நுண்ணிய சுக்கான் திருத்தத்தை நூலறிவினால் மட்டும் பெற இயலாதாகையால், இது மிக விவேகமான ஏற்பாடேயாகும்.