பாராட்டும் பெயரும்

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரே மேடையில் 19 கலைஞர்கள். கோட்டும் சூட்டும் அணிந்து, கானாவையும் பறையையும் றொக், றப் இசையோடு கலந்து பாடினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அது. இந்த இசைக் கலப்பைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. 2020இல் குழுவின் பாடகி இசைவாணி பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

பாராட்டு நியாயமானதே. ஆனால் 'புதுமை' என்ற சொல் ஒரு நீண்ட வரலாற்றை மறைத்துவிடுகிறது. குழுவின் பெயர் அயோத்திதாச பண்டிதரிடமிருந்து வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிபேதமற்ற தமிழர் என அடையாளப்படுத்தியவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தாமே தொடங்கினார். பிறர் பத்திரிகையின் பாராட்டுக்காக அவர் காத்திருக்கவில்லை.

எமக்கும் இந்த முரண் புதிதல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார், படித்தோர் பாராட்டினர். அதே தசாப்தத்தில், 1968இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்டோர் மறிக்கப்பட்டார்கள். கூத்து உள்ளே வந்தது. மனிதர் வெளியே நின்றனர்.

லாச்சப்பல் தேநீர்க் கடைகளில் "ஊரில எவ்விடம்?" என்ற கேள்வி இன்னும் கேட்கிறது. ஊர் அறிவதற்காக மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல அது. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். இன்று நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அதை யாரும் கேட்பதில்லை.

அந்தப் பாடல்களுக்குக் கைதட்டும் நாம், முதலில் இந்தக் கேள்வியைக் கைவிட வேண்டாமா?