டாங்கியிலிருந்து கேனுக்கு எண்ணெய் மாற்றுவது: வாயால் இழுக்க வேண்டாம்

டிராக்டர், லோரி, ஜெனரேட்டர், புல்வெட்டும் இயந்திரம் என்று தோட்டத்தில் பாதி வேலை எண்ணெயை நம்பித்தான் நடக்கிறது. ரந்தாவ், சிலியாவ், லிங்கி வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் ஒரு வண்டியின் டாங்கியிலிருந்து எண்ணெய் எடுத்து இன்னொன்றுக்கு ஊற்றுவது புதிதல்ல. போர்ட்டிக்சன் கரையோரம் சம்பான் வைத்திருப்பவர்களுக்கும் இதே வேலை உண்டு. ரப்பர் குழாயை டாங்கிக்குள் விட்டு, வாயால் ஓர் இழுப்பு இழுத்து, கேனுக்குள் திருப்பிவிடுவதே பழைய வழக்கம். ஆபத்து அந்த ஓர் இழுப்பில்தான் இருக்கிறது.

பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதே மோசமானது. புரை ஏறும்போது சிறிதளவு உள்ளே இறங்கினாலும் நுரையீரல் வெந்ததுபோல் வீங்கிவிடும். டீசலும் அப்படித்தான். முதலில் வெறும் இருமலாகத் தெரிந்து, சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறலும் காய்ச்சலும் வருவதுண்டு. "விரலை விட்டு வாந்தி எடு", "உப்புத் தண்ணீர் குடி" என்று சுற்றி இருப்பவர்கள் சொல்வது நல்லெண்ணத்தில்தான். ஆனால் வாந்தி எடுத்தால் எண்ணெய் மறுபடி தொண்டை வழியே வந்து நுரையீரலுக்குள் போக வழி பிறக்கிறது. வாயைக் கொப்பளித்துத் துப்பவைத்து, எண்ணெய் பட்ட சட்டையைக் கழற்றி, மருத்துவமனைக்குக் கொண்டு போவதே சரி. இருமல் நிற்காவிட்டால் 999-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

வாய் வைக்காமலேயே எண்ணெயை இறக்கலாம். டாங்கியில் உள்ள எண்ணெய் மட்டத்தைவிடக் கேனில் உள்ள மட்டம் தாழ்வாக இருக்கும்வரை, குழாய் முழுதும் நிறைந்துவிட்டால் எண்ணெய் தானாக ஓடும். குழாயை நிறைக்கத்தான் கைப்பம்பு. நடுவில் ரப்பர் உருண்டை உள்ள கைப்பம்பும், முனையில் சிறு குண்டு வைத்து மேலும் கீழும் குலுக்கினால் ஓடத் தொடங்கும் குழாயும் வன்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. குழாய் முனை டாங்கியின் அடியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். எண்ணெயைவிடக் கனமான தண்ணீரும் கசடும் அடியில்தான் தங்கும். டீசல் டிராக்டரின் டாங்கியை முழுதும் வற்றவிட்டால் குழாய்களில் காற்று ஏறி, அதை வெளியேற்றும்வரை இயந்திரம் கிளம்பாது. புதிய வாகனங்கள் பலவற்றில் டாங்கி வாயிலேயே தடுப்பு இருப்பதால் குழாய் இறங்காது. முட்டித் தள்ளினால் பழுதுதான் மிஞ்சும்.

படகு கொஞ்சம் வேறு மாதிரி. டாங்கி படகுத்துறையைவிடத் தாழ்வாக இருப்பதால், துறையில் வைத்த கேனுக்கு எண்ணெய் தானாக ஏறாது. அதற்காகக் கேனைப் படகுக்குள் வைத்து நிரப்புகிறார்கள். அதுதான் தவறு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. படகின் அடித்தளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி, ஒரு சுவிட்சின் பொறிக்காகக் காத்திருக்கும். சிறு படகுகளில் டாங்கி பெரும்பாலும் தனியாகக் கழற்றக்கூடியது. அதைக் கரைக்குத் தூக்கி வந்து ஊற்றினால் வேலை முடிந்தது.

பெட்ரோல் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். லோரியின் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கேனை வைத்து நிரப்பினால் நிலை மின்சாரம் சேர்ந்து பொறி பறக்கலாம். கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். வாய்வரை நிரப்பவும் கூடாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் பெருகும். குடிநீர் போத்தலில் ஊற்றி லயத்துச் சமையலறையில் வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவும் வேண்டுமா? பிள்ளைகள் குடிநீர் என்று எடுத்துவிடுவார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. மீனவர்களுக்கான டீசல் அப்போதும் 1.65 வெள்ளியாகவே இருந்தது. இந்த இடைவெளிதான் மானிய எண்ணெயைக் கேனில் இறக்கி விற்கும் ஆசையைத் தூண்டுகிறது. 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் தனிநபருக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நிறுவனமென்றால் அபராதம் 20 லட்சம் வெள்ளி வரை போகும். முதலாளி சொன்னார் என்று கேன்களை லோரியில் ஏற்றும் தொழிலாளியும் வழக்கில் மாட்டக்கூடும். அதனால் தோட்ட வேலைக்கு எண்ணெய் எடுத்துப் போகிறவர்கள் எழுத்து மூலமான அனுமதியையும் வாங்கிய ரசீதையும் கையோடு வைத்திருப்பது நல்லது. கேனில் வாங்கிச் சேமிக்க என்ன அனுமதி தேவை என்பதை உள்நாட்டு வாணிகம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் சிரம்பான் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.