8 விநாடியில் கைமாறிய டூர் டி பிரான்ஸ்: சைக்கிள் வீரருக்கு காற்று ஏன் எதிரி?

1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். வெர்சாயில் இருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருவரும் தனியாக, கடிகாரத்தோடு மோதும் போட்டி. பிரான்ஸின் லொரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்டுக்கு வாய்ப்பே இல்லைன்னுதான் பலரும் நினைச்சாங்க.

லெமாண்ட் சைக்கிளில் ஒன்று புதுசு. டிரையத்லான் வீரர்களின் நீண்ட கைப்பிடி. முழங்கையை ஊன்றி, கைகளை ஒட்டி முன்னால் நீட்டி, முதுகைத் தாழ்த்தி ஓட்டலாம். தலையில் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட். ஃபின்யோனுக்கு ஹெல்மெட்டே இல்லை, குதிரைவால் முடி பறந்தது.

இதுல என்ன இருக்கு? சமதளத்தில் வேகமாகப் போகும்போது வீரரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடும். வேகம் இரு மடங்கானால் அதற்கு எட்டு மடங்கு சக்தி வேண்டும். அந்தக் காற்று அதிகம் மோதுவது சைக்கிளில் அல்ல, உடம்பில். ஃபின்யோன் இரண்டு பக்கமும் டிஸ்க் சக்கரம் போட்டும் பலன் போதாததுக்கு இதுவும் ஒரு காரணம். (சீட் உராய்ந்த புண்ணும் அவரைப் படுத்தியது.)

லெமாண்ட் மணிக்கு சுமார் 54.5 கி.மீ. வேகத்தில் 58 விநாடி முந்தினார். மூன்று வாரப் போட்டியை வென்றது 8 விநாடியில்.