மூச்சுக்கு மணி கட்டிய கதை

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைச் சூளை பார்த்தவன் நான். பொங்கல் வந்தால் சுற்றுவட்டாரக் கபடிக்கு நடுவர். அங்கே கண்ணுக்கு வேலை, இங்கே காதுக்கு.

கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டால் களம் தயார். பாடிப் போகிறவனுக்குக் கெடு அவன் மூச்சுதான். பாட்டு அறுந்தால் அவுட். அறுந்ததா, அடக்கிப் பாடுகிறானா? நடுவர் காதுதான் சாட்சி. அதனால் அடிதடிக்கும் குறைவில்லை. ஆனால் ஒரே மூச்சில் எதிரணியை அலையவிட்டுத் திரும்புகிறவனுக்கு ஊரில் இருந்த மரியாதையே வேறு.

இதே ஆட்டம் கடல் தாண்டியும் போனது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது மகாராஷ்டிர அமராவதிக்காரர்கள் கபடி ஆடிக் காட்டினார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் அது பதக்க ஆட்டமாகி, தங்கம் நமக்கு வந்தது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது ரைடுக்கு, அதாவது பாடிப் போய்த் திரும்ப, 30 நொடி என்பதைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. இன்றும் பாடத்தான் வேண்டும், ஆனால் ஆட்டத்தை நடத்துவது கடிகாரம். மூச்சுக்காரனின் மவுசு போய், வெடுக்கென்று பாய்கிறவன் காலம் வந்தது. மண்ணுக்குப் பதில் மேட் வந்ததில் முட்டி தேய்வது குறைந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சூளையிலும் இதே கதைதான். துளை வழியே நெருப்பின் நிறம் பார்த்துப் பதம் சொன்னவர்களுக்குத் தனிக் கூலி இருந்தது. சூட்டை அளக்கும் மீட்டர் வந்தபின் நேற்று சேர்ந்த பையனும் டிகிரி படிக்கிறான். பொம்மை வீணாவது குறைந்தது, கூலியும்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. 2017இல் புரோ கபடியில் பர்தீப் நர்வால் ஒரே ஆட்டத்தில் 34 ரைடு புள்ளி எடுத்தது கணக்கில் நிற்கிறது, அபார ஆட்டம்தான். எங்கள் பக்கத்து மூச்சுக்காரர்களுக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. பார்த்தவர்கள் போனால் அவர்கள் ஆட்டமும் போயிற்று.

கேமரா வந்தால் சண்டை ஓயும் என்றார்கள். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசியப் போட்டியின் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28. நம் பவன் செராவத்தின் ரைடில் கால் எங்கே பட்டது என்பதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். கால் தெரிந்தது. ஆனால் அதற்குப் பொருந்துவது பழைய விதியா, புதிய விதியா என்பதைக் கேமரா எப்படிச் சொல்லும்? தீர்ப்பு மாறி மாறி வந்தது, வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்தார்கள், ஆட்டம் ஒரு மணி நேரம் போல நின்றது. கடைசியில் 33-29, தங்கம் நமக்கு. எங்கள் பொங்கல் ஆட்டத்தில்கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை.