நினைவிலிருந்து சரித்திரம்

கோவையில் நான் வசிக்கும் பகுதிக்கு ஆர்.எஸ்.புரம் என்று பெயர். நகரசபைத் தலைவராய் விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் நினைவாக ஏற்பட்ட பெயர் அது. நாவுக்கு எளிதென்று அப்பெயரை இரண்டெழுத்தாகக் குறைத்தோம். அவ்வெழுத்துக்கள் யாரைக் குறிக்கின்றன என்று கேட்டால் இன்று பலர் விழிக்கின்றனர். நினைவுக்குச் சுருக்கும் இயல்பு உண்டு. சரித்திரம் எழுதப் புகுவோர் இதை முதலில் உணர வேண்டும்.

சென்ற ஆண்டு கல்லூரி மாணவர் சிலர் என்னிடம் வந்தனர். தங்கள் பாட்டனார் காலத்தில் இப்பகுதி இளைஞர் கூடி அமைத்த கால்பந்துக் குழுவின் வரலாற்றை எழுத அவர்கள் விரும்பினர். பதிவேடு எதுவும் இல்லை. பழைய ஆட்டக்காரர்களில் எஞ்சியிருந்தவர் எண்பதைக் கடந்த மூவரே. அவர்களுடைய நினைவே எங்களுக்கு ஏடாயிற்று.

குழு எப்போது தோன்றியது என்று கேட்டோம். "வெலிங்டன் பட்டாளத்தார் டூரண்ட் கோப்பை ஜெயிச்ச வருஷமுங்க" என்று மூவரும் ஒரே குரலில் கூறினர். குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரின் அணி 1955இல் அக்கோப்பையை வென்றது உண்மை. ஆனால் 1958இலும் வென்றதே! இரண்டில் எதைக் கொள்வது?

மாதச் சந்தா இரண்டணா என்றார் ஒருவர். அதுவும் போதிய சான்றன்று. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா நடைமுறைக்கு வந்த பின்னரும் மக்கள் நெடுங்காலம் அணாக் கணக்கிலேயே பேசி வந்தனர். இறுதியில், ஒருவர் வீட்டுப் பரணில் வரவு செலவு நோட்டு ஒன்று அகப்பட்டது. அதன் முற்பகுதியில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள்; பிற்பகுதியில் ரூபாய், நயா பைசா என்று இரண்டே பத்திகள். ஆகவே 1955 என்று துணிந்தோம்.

அந்நோட்டு வேறொன்றையும் காட்டிற்று. மாதந்தோறும் "பந்து தைத்த கூலி" என்று ஒரு செலவு. ஓரிடத்தில் மட்டும், "கூலி வாங்கவில்லை, இன்று கோல் நின்றார்" என்று எழுதியிருந்தது. முதியவர்கள் சொன்ன ஆட்டக்காரர் பட்டியலில் அவர் இல்லை. "அவரு ஆட்டக்காரரு இல்லீங்களே, செருப்புத் தைக்கிறவருங்க" என்றார் ஒருவர். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவரே தாழ்ந்த குரலில், "ஆமாங்க, நின்னாருங்க" என்றார். பெயர் மட்டும் மூவருக்கும் நினைவுக்கு வரவில்லை. நோட்டிலும் இல்லை.

இது நம்மூரின் குறை மட்டுமன்று. 1911 ஜூலை 29ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் குழு, கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்ட் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. வெறுங்காலுடன் ஆடிய பதினொருவர், பூட்ஸ் அணிந்த வெள்ளையரை வென்றனர் என்று மக்கள் சொல்வதுண்டு. மெய்யாக வெறுங்காலுடன் ஆடியவர் பதின்மர். சுதீர் சட்டர்ஜி பூட்ஸ் அணிந்திருந்தார். கதையின் அழகுக்காக நினைவு அவருடைய பூட்ஸைக் கழற்றிவிட்டது. உண்மையைச் சொல்வதனால் அவ்வெற்றியின் பெருமை குன்றிவிடாது.

எனினும் இரண்டு மறதிகளும் ஒன்றல்ல. அங்கே மறைந்தது ஒரு ஜோடி பூட்ஸ். இங்கே மறைந்தது ஒரு மனிதர். மாணவர்கள் எழுதிய வரலாற்றில் ஆட்டக்காரர் பெயர்களுக்குக் கீழே, "பந்து தைத்தவர், ஒருநாள் கோல் காத்தவர், பெயர் தெரியவில்லை" என்று ஒரு வரி சேர்த்துள்ளனர். அவ்வரியை நான் திருத்தவில்லை.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய குழுக்கள் இருந்திருக்கும். முதியவர்களிடம் இப்போதே செல்லுங்கள். கோப்பைகளைப் பற்றிக் கேளுங்கள். காசுக் கணக்கைக் கேளுங்கள். பந்தைத் தைத்தவர் யார் என்றும் மறவாமல் கேளுங்கள். பத்தாண்டுகளுக்கு முன் நாங்கள் கேட்டிருந்தால், ஒருவேளை அந்தப் பெயர் கிடைத்திருக்கும்.