செமினி உணவுச் சோதனை விசாரணை, 1956: பாதுகாப்பும் நீதியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாட்டின் பாதுகாப்புக்காக எடுக்கப்படும் நடவடிக்கை மக்களின் மானத்தைக் குலைக்குமாயின், அவர்களுக்கு நீதி வழங்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவை மலாயா வரலாற்றில் எழுப்பிய இடங்களுள் ஒன்று சிலாங்கூர் மாநிலத்தின் செமினி ஆகும். அந்நிகழ்வை நாம் இக்கட்டுரையில் நோக்குவோம்.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை வரை நீடித்தது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆயுதப் போராட்டத்தில் ஏறத்தாழ 2,500 பொதுமக்கள் உயிரிழந்தனர். அவர்களுள் தோட்டப்புறத்து மக்களும் இருந்தனர். எனவே அரசின் அச்சம் ஆதாரமற்றதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரம் வாழ்ந்த ஐந்து இலட்சம் பேரளவில் வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் ஓரிடத்தில் ஒருங்கிணைக்கப்பட்டன. காட்டில் இருந்த போராளிகளுக்கு உணவு செல்வதைத் தடுப்பதே இதன் நோக்கம். பால்மரம் வெட்டச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்ட பின்னரே வெளியேற முடிந்தது.

1955 டிசம்பர் இறுதியில் பாலிங் பேச்சுவார்த்தை தோல்வியுற்றது. அதனையொட்டிய 1956 ஜனவரியில், செமினியில் நடந்த உணவுச் சோதனைகளில் பெண்கள் ஆடை களையப் பணிக்கப்பட்டனர் என்ற முறையீடு எழுந்தது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கையும் வெளியிடப்பட்டது. போர் முடியுமுன்னரே, சந்தேகத்திற்குரியோராகக் கருதப்பட்ட சாதாரண மக்களின் குரலை அரசு செவிமடுக்க நேர்ந்தது என்பதே இதன் சிறப்பு எனலாம்.

இதற்கு மாறாக, 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரித்தானியப் படையினரால் கொல்லப்பட்ட ஆயுதமற்ற 24 பேரின் குடும்பத்தார், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகவும் முழு விசாரணையைப் பெறவில்லை. அவர்களின் மேல்முறையீட்டைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் தள்ளுபடி செய்தது. உரிய காலத்தில் நடத்தப்படாத விசாரணை, பின்னர் சட்டத்தின் காலவரையறைகளுக்குள் சிக்கிக்கொள்கிறது என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டிலேயே, விசாரணையின்றித் தடுத்துவைக்க வகைசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2012இல் அது நீக்கப்பட்டு, அவ்விடத்தில் சொஸ்மா சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்புடையவர்கள் என்ற குற்றச்சாட்டில் பன்னிருவர் இச்சட்டத்தின் கீழ்க் கைதாயினர். 2020 பிப்ரவரியில் அவர்கள் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அதற்குள் அவர்கள் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் இருந்துவிட்டனர்.

பயங்கரவாதத்தால் மாண்டோருக்கு நீதி வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயின் அந்நீதி, குற்றமற்றோரின் மானத்தை விலையாகக் கொடுத்துப் பெறப்படுவதன்று. செமினி வாயிலில் நின்ற பெண்களின் முறையீட்டைப் பாடநூல்களின் ஓரத்திற்கு ஒதுக்காமல், அவசரகால வரலாற்றின் மையத்தில் வைத்துக் கற்பிப்பது ஆசிரியர்களாகிய நம் கடமையாகும்.